முன்பல் காவிக்கறை: பாண்டிங் போதுமா, வெனீர்தான் போட வேண்டுமா?

பென்னாகரத்துப் பெண்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 25, ஊர் பென்னாகரம் பக்கம், இப்போது ஓசூரில் வேலை. தர்மபுரிக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆமாம், பல்தான்.

மேல் முன்பல் இரண்டிலும் குறுக்கே பட்டையாகக் காவி நிறம். அதற்கு அடுத்த பற்களில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். போதாததற்கு இடது முன்பல்லின் முனை சின்னதாக உடைந்திருக்கிறது. ஏழு வயதில் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி எகிறி வாயில் பட்டது. பல்லைக் கறையாக்கியதும் அந்தப் பம்புத் தண்ணீர்தான், உடைத்ததும் அந்தப் பம்புதான். யாரிடம் போய்ச் சொல்ல.

பெங்களூரில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெண் என் வாயைப் பார்த்துவிட்டு "தர்மபுரியா?" என்று கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை, அவள் பாலக்கோடு. ஆனாலும் அன்றிலிருந்து சிரிக்கும்போது கை தானாக வாயை மூடிக்கொள்கிறது. தை மாதம் கல்யாணம். இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. போட்டோவில் எல்லாம் கையை வைத்துக்கொண்டு நிற்க முடியாதே.

இரண்டு கிளினிக்கில் காட்டினேன். ஒருவர் ஸ்மைல் டிசைனிங் என்று சொல்லி எட்டுப் பல்லுக்கும் செராமிக் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு), ஒன்று 12,000 வீதம் 96,000 ரூபாய் என்றார். பல்லை லேசாகச் செதுக்க வேண்டும் என்றும் சொன்னார், எவ்வளவு லேசாக என்று கேட்டதற்குச் சிரித்தார். இன்னொருவர் காம்போசிட் பாண்டிங் (பல் நிறத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பல்மேலேயே வைத்து இறுக்குவது) போதும், ஆறு பல், ஒன்றுக்கு 3,000, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். இவ்வளவு வித்தியாசம் ஏன்? பாண்டிங் எத்தனை வருடம் நிற்கும், ஊசி போடுவார்களா, அடியில் இருக்கும் காவி மேலே தெரியாதா? செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பாலக்கோடு தக்காளி:

தங்கச்சி, நம்ம ஊர்தான். நான் 2019இல் மேல் நான்கு பல்லுக்குப் பாண்டிங் செய்தேன், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஊசி கிடையாது. வலியும் இல்லை, வாயைத் திறந்தே வைத்திருந்து தாடைதான் வலித்தது. முதலில் பல் கலர் அட்டை ஒன்றை, கடையில் பெயின்ட் அட்டை காட்டுவார்களே அந்த மாதிரி, என் பல் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் ஓரம் போய் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். அப்புறம் பல்லில் நீலக் கலர் ஜெல் பூசிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினார். கழுவிக் காயவைத்ததும் பல் சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிட்டது, எனக்குத் திக்கென்று ஆனது. அதன்மேல் பசை மாதிரி ஒன்று தடவி, பிறகு மெழுகு பதத்தில் இருக்கும் அந்தக் காம்போசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து வடிவம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் நீல லைட்டை 20 விநாடி காட்டினார், கல்லாக இறுகிவிட்டது. கடைசியில் வட்டத் தகடு மாதிரி எதையோ வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஒரு பல்லுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வெளியே வந்து பைக் கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். உண்மை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது கெட்ட செய்தி. நான் மண்டிக்காரன், ஒரு நாளைக்கு ஆறு டீ. இரண்டாவது வருடம் பல்லும் காம்போசிட்டும் சேரும் இடத்தில் கோடு மாதிரி பழுப்பு ஏறிவிட்டது. திரும்பப் பாலிஷ் போட்டதில் பாதி போனது, பாதி இருக்கிறது. மூன்றாவது வருடம் பொங்கலுக்குக் கரும்பை முன்பல்லால் கடித்து இழுத்தேன், ஒரு முனை கரும்போடு போய்விட்டது. துப்பிய சக்கையில் தேடினேன், கிடைக்கவில்லை. அதே டாக்டர் 20 நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார், 1,000 ரூபாய். அதனால் சொல்கிறேன், கரும்பு, சீடை, பேனா மூடி, பால் பாக்கெட் எதிலும் முன்பல்லை வைக்காதே. மற்றபடி நான்கில் மூன்று இன்னும் அப்படியே இருக்கிறது.


நேர்ப்பேச்சு:

கல்யாணத்துக்காகப் பல்லை மாற்றச் சொல்லும் மாப்பிள்ளை எதற்கு? இருக்கிறபடி ஏற்றுக்கொள்கிறவனைப் பாருங்கள். 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் தங்கமாவது மிஞ்சும்.


பென்னாகரத்துப் பெண்:

அண்ணா, மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் கிருஷ்ணகிரி மாவட்டம், அவர் பல்லும் என் பல் மாதிரிதான். எனக்குக் கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கக் கணக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.


பல்லாக்கு:

பல் டாக்டர்தான் எழுதுகிறேன், பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடருங்கள். நேரில் பார்க்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கிளினிக்கும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்ட மாதிரித் தெரிகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்களுக்கு இருப்பது ஃபுளோரோசிஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளி அடுக்கு, குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும், பல் வெளியே வருவதோ ஆறு முதல் எட்டு வயதில். அந்தச் சின்ன வயதில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் முழுசாக இறுகாமல் உள்ளுக்குள் நுண்துளைகளோடு நின்றுவிடும். முளைக்கும்போது வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் வரும், காவி நிறம் பிறகு அந்தத் துளைகளில் ஏறுவது. அதனால்தான் சாம்பல், உப்பு, செங்கல் பொடி, எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் தேயும். உங்கள் ஊரில் இதையெல்லாம் செய்து பல் கூச்சத்தோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். (இந்தக் கறைக்குக் காரணமே வெகுநாள் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஊரே காவிப் பல்லோடு இருப்பதை 1901இல் அங்கே போன மெக்கே என்ற பல் டாக்டர் கவனித்தார், தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிய 1931 ஆனது.)

சரி, தாண்டிய படி எது? மைக்ரோஅப்ரேஷன். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மிக நுண்ணிய தேய்ப்புத் துகளும் கலந்த ஒரு பசையை வைத்துப் பல்லின் மேற்பரப்பை 0.2 மில்லிமீட்டருக்குள் எடுப்பது. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி, ஈறையும் உதட்டையும் மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அமிலம் ஆயிற்றே, வீட்டில் யாரும் முயற்சி செய்து பார்க்காதீர்கள். காவி மேலடுக்கில் இருந்தால் ஓரிரு முறையிலேயே பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருந்தால் வீட்டில் இரவு வெளுக்கும் மருந்து வைத்த டிரேயைப் பல்லில் மாட்டிக்கொள்ளும் ப்ளீச்சிங் இரண்டு வாரம். ப்ளீச்சிங் மட்டும் தனியாகச் செய்தால் சில நேரம் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு எது மிச்சமோ அதற்கு மட்டும் பாண்டிங். ஆறு பல் என்பது இரண்டாகக் குறையலாம்.

வரிசை முக்கியம். ப்ளீச்சிங் முடிந்த கையோடு பாண்டிங் செய்யக் கூடாது, பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசையைச் சரியாக இறுக விடாது, இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். அதோடு பல்லை ப்ளீச் செய்தால் நிறம் மாறும், காம்போசிட்டை ப்ளீச் செய்தால் மாறாது. முதலில் பாண்டிங் செய்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் பல்லை வெளுத்தீர்கள் என்றால் பல் ஒரு நிறம், ஒட்டியது ஒரு நிறம். இதெல்லாம் இரண்டரை மாதத்துக்குள் அடங்கும், ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

இனி பாண்டிங். தக்காளி அண்ணன் சொன்ன அந்த நீல ஜெல் பாஸ்பாரிக் அமிலம். இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்குவார்களே, அதே வேலைதான். சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. பெயின்ட் உலோகத்தில் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசுவதைக் கவனித்துத்தான் புவோனோகோர் என்ற பல் டாக்டர் பல்லிலும் அதைச் செய்து பார்த்து 1955இல் எழுதினார். நாங்கள் இன்று செய்யும் பாண்டிங் எல்லாம் அதன் பேரன் பேத்திகள். சாதாரணப் பல்லில் 37 சதவீத அமிலம் 15 முதல் 30 விநாடி வைத்தால் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், பசை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஃபுளோரோசிஸ் பல்லில் சிக்கல் என்னவென்றால் மேல்தோல் மட்டும் அமிலத்துக்கு எளிதில் மசியாது, அதற்குக் கீழேயோ பஞ்சு மாதிரி இருக்கும். மேல்தோலை லேசாக உரசிவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் எல்லாப் பல்லுக்கும் செய்கிற மாதிரி செய்துவிட்டால் ஒட்டியது செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். "ஃபுளோரோசிஸ் பல்லுக்குத் தனியாக என்ன செய்வீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

காவி அடியிலிருந்து தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அழுத்தமான காவியாக இருந்தால் மெல்லிய காம்போசிட் வழியாக நிழலாகத் தெரியும். அதை மறைக்க ஒளி புகாத ஓர் அடுக்கை முதலில் பூசுவோம், அது தடித்துவிட்டால் பல் பொம்மைப் பல் மாதிரி ஆகிவிடும். இங்கேதான் கை வேண்டும். நிறம் பார்க்கும் வேலையைப் பல் ஈரமாக இருக்கும்போதே தொடக்கத்தில் செய்கிறாரா என்று கவனியுங்கள். காய்ந்த பல் வெளுப்பாகத் தெரியும், அதற்கு ஒத்துப்போக ஒட்டிவிட்டு மறுநாள் பார்த்தால் பல் இருண்டிருக்கும், ஒட்டு மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நான்கைந்து வருடம் முதல் ஏழெட்டு வருடம் வரை நிற்பது சாதாரணம், நடுவில் பாலிஷும் சின்ன ஒட்டுவேலையும் இருக்கும். கீழ்ப்பல் மேல்பல்லின் உள்பக்கத்தில் இறுக்கமாக முட்டும் கடியாக இருந்தாலோ, தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தாலோ சீக்கிரம் உடையும். வெனீர் கெட்டது என்று சொல்ல மாட்டேன், நன்றாகச் செய்தால் பத்து பதினைந்து வருடம் நிற்கும், டீக்கறை பிடிக்காது. ஆனால் அரை மில்லிமீட்டர் வரை எனாமலைச் செதுக்கினால் அது திரும்ப வராது. 25 வயதில் செதுக்கினால் 40 வயதில் இன்னொரு செட், 55 வயதில் இன்னொன்று. எட்டுப் பல்லுக்கு அந்தக் கணக்கை அந்த டாக்டர் உங்களிடம் போட்டுக் காட்டவில்லை. பாண்டிங்கும் மைக்ரோஅப்ரேஷனும் போதவில்லை என்றால் நாளைக்குக்கூட வெனீருக்குப் போகலாம், வெனீரிலிருந்து இங்கே திரும்பி வர முடியாது.

செலவு இடிக்கிறது என்றால் சேலம் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பல்லைச் சீரமைக்கும் கன்சர்வேட்டிவ் பிரிவில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், கட்டணம் குறைவு, ஆனால் இரண்டு மூன்று நாள் அலைய வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் முதலில் க்ளீனிங், ஈறு ஆறிய பிறகுதான் மற்றது எல்லாம்.


மல்கோவா:

டாக்டர் ஈறு என்று சொன்னதும் என் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. எனக்குக் கறை இல்லை, நடுவில் சந்து. முன்பல் சந்து அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்லியே 30 வருடம் ஓட்டினேன், அதிர்ஷ்டம் வரும் வழியைக் காணவில்லை, மூடிவிடலாம் என்று போனேன். ஒரே மணி நேரத்தில் மூடியும் விட்டார்கள். பார்க்கச் சூப்பர். பத்தாவது நாள் இரண்டு பல்லுக்கும் நடுவில் ஈறு வீங்கிப் பிரஷ் பட்டாலே ரத்தம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை விட்டால் உள்ளே போகவில்லை, போனால் வெளியே வரவில்லை, நார் நாராகப் பிய்ந்தது. திரும்பப் போனேன், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். வேறு ஒருவரிடம் காட்டியபோதுதான் காம்போசிட் ஈறுக்கு அடியில் பிதுங்கி நிற்கிறது, அழுக்கு அங்கே சேர்கிறது என்று சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈறு வற்ற மூன்று வாரம் காத்திருந்து திரும்பச் செய்தார். இரட்டைச் செலவு. ஆகவே நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் நூல் விட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு பல் இடுக்கிலும் நூல் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். நாக்கால் தடவிப் பாருங்கள். நாக்கு பொய் சொல்லாது.


காரிமங்கலம் அம்மா:

பல்லாக்கு மேடம், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். என் மகளுக்கு இரண்டரை வயது. எங்கள் வீட்டில் போர் தண்ணீரும் வருகிறது, ஒகேனக்கல் தண்ணீரும் வருகிறது. குடிக்க ஒகேனக்கல், சமைக்க போர். என் பல் மாதிரி அவளுக்கும் வந்துவிடுமா? கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா?


பல்லாக்கு:

நல்லவேளை கேட்டீர்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி மிச்சம் இருப்பதில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சோறும் பருப்பும் போர் தண்ணீரில் வெந்தால் அதுவும் வயிற்றுக்குத்தான் போகிறது, ஆகவே சமையலையும் ஒகேனக்கல் தண்ணீருக்கு மாற்றுங்கள், போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் இருக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் கடனுதவியோடு காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து 2013இல் திறந்து வைத்ததே இந்தப் பல்லுக்காகவும் எலும்புக்காகவும்தான், திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது கணக்கு. உங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வராத நாட்களுக்கு ஆர்.ஓ. உதவும், சாதாரண மெழுகுவத்தி ஃபில்டர் உதவாது.

பேஸ்ட் அரிசி மணி அளவு போதும், மூன்று வயது முடிந்தபின் பட்டாணி அளவு, துப்பப் பழக்குங்கள். அவளுடைய நிலைப் பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன, அதனால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம். உங்கள் பல்லில் இனிமேல் ஃபுளோரோசிஸ் அதிகமாகாது, வந்தது வந்ததுதான்.


பென்னாகரத்துப் பெண்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், கல்யாண வேலையில் எழுத முடியவில்லை.

வெனீர் சொன்னவரிடம் போகவில்லை. பாண்டிங் சொன்னவரிடமே போய் மைக்ரோஅப்ரேஷன் பற்றிக் கேட்டேன், எங்கே படித்தீர்கள் என்று முறைத்தார், பிறகு அதற்கான சாமான் தன்னிடம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி அவரே சேலத்தில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். அந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு கும்பிடு. மூன்று சனிக்கிழமை பஸ்ஸில் போய் வந்தேன். முதல் முறையிலேயே காவிப் பட்டை பாதிக்கு மேல் போனது, இரண்டாவது முறையில் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. ப்ளீச்சிங் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். முன்பல் இரண்டுக்கு மட்டும் பாண்டிங், அடிபம்பு உடைத்த முனையும் அதிலேயே சரியாகிவிட்டது. வெள்ளைத் திட்டு பக்கத்துப் பல்லில் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும், அவ்வளவு பக்கத்தில் வருகிறவர் ஒருவர்தான், அவருக்கும் அதே திட்டு இருக்கிறது. மொத்தம் பஸ் செலவோடு 6,000 தாண்டவில்லை. மல்கோவா சொன்ன மாதிரி நூல் விட்டுக் காட்டச் சொன்னேன், அந்த மாணவி ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் தேய்த்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் நின்று வேண்டுமென்றே சிரித்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "பவுடர் மாத்திட்டியா?" என்றாள்.


பாலக்கோடு தக்காளி:

வாழ்த்துகள் தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னால் பொங்கல் வருகிறது. கரும்பைக் கத்தியால் நறுக்கித் தரச் சொல்.